பந்து எடுத்துப் போட்ட சிறுவன்: ஸ்குவாஷ் உலகை ஆண்ட ஹாஷிம் கான்

மணியாச்சி சந்திப்பில் ரயில் நிற்கும்போது ஜன்னல் வழியே பார்த்தால் நாலாபக்கமும் கரிசல் காடுதான். மழை பெய்தால் விளைச்சல், பொய்த்தால் வேறு பிழைப்பு. இங்கிருந்து ஒரு பாதை தூத்துக்குடிக்கும், இன்னொரு பாதை திருநெல்வேலிக்கும் பிரிகிறது. வடக்கே போனால் கோவில்பட்டி. கடலைமிட்டாயும் தீப்பெட்டியும் அந்த ஊரின் தொழில். ஹாக்கி அந்த ஊரின் உயிர். ஹாக்கி மட்டையைத் தூக்கிக்கொண்டு அதிகாலையில் மைதானத்துக்கு ஓடும் பிள்ளைகளை இன்றும் அங்கே பார்க்கலாம்.

அந்த ஓட்டத்தில் சேராத பிள்ளைகளும் நம் பகுதியில் உண்டு. வீட்டில் அத்தா இறந்துவிட்டால் முதலில் நிற்பது மூத்த பையனின் படிப்பு. ஒரு தலைமுறைக்கு முன்பு அவனைத் தீப்பெட்டி ஆபீஸுக்கு அனுப்பினார்கள். இப்போது கடைக்கு அனுப்புகிறார்கள். அதன் பிறகு அவன் என்ன ஆனான் என்று யாரும் கேட்பதில்லை.

அப்படிப் பள்ளிக்கூடத்தை விட்டு வேலைக்குப் போன ஒரு எத்தீம் பிள்ளையின் வரலாறு இது. அவர் பெயர் ஹாஷிம் கான். ஸ்குவாஷ் விளையாட்டில் உலகின் மிக உயர்ந்த பட்டத்தை ஏழு முறை வென்றவர்.

கூரையில்லாத கோர்ட்

பெஷாவருக்கு அருகில் நவாகில்லே என்றொரு சிறிய கிராமம். பட்டாணியர்கள் வாழும் ஊர். ஹாஷிம் அங்கே பிறந்தார். பிறந்த தேதியை யாரும் எழுதி வைக்கவில்லை. 1914 என்று பொதுவாகச் சொல்வார்கள். அதற்கும் சில ஆண்டுகள் முன்பே பிறந்துவிட்டார் என்போரும் உண்டு.

அவருடைய தந்தை அப்துல்லாஹ் கான், பெஷாவரில் பிரிட்டிஷ் அதிகாரிகளின் கிளப்பில் தலைமைப் பணியாளர். ஆங்கிலேயர்களின் ராணுவ முகாம் இருந்த ஊர் அது. அதிகாரிகள் மாலையில் பொழுதுபோக்க டென்னிஸ் கோர்ட்டும் ஸ்குவாஷ் கோர்ட்டும் கட்டி வைத்திருந்தார்கள்.

ஸ்குவாஷை நேரில் பார்த்திராதவர்களுக்காக ஒரு வார்த்தை. நான்கு சுவர்களுக்கு நடுவே இருவர் ஆடுகிற ஆட்டம் இது. கோர்ட்டின் நீளம் 9.75 மீட்டர், அகலம் 6.4 மீட்டர். டென்னிஸ்போல நடுவில் வலை கிடையாது. இருவரும் ஒரே பக்கம் நின்று, முன் சுவரில் பந்தை மாறி மாறி அடிக்க வேண்டும். பந்து தரையில் இரண்டாவது முறை குதிப்பதற்குள் எடுத்துவிட வேண்டும். உள்ளே காற்று அடைத்த சிறிய ரப்பர் பந்து அது. அடிக்க அடிக்கச் சூடேறித்தான் நன்றாக எழும்பும். இங்கிலாந்தின் ஹாரோ பள்ளியில் 19ஆம் நூற்றாண்டில் பிறந்த இந்த ஆட்டத்தை, பிரிட்டிஷ் ராணுவம் தான் போன இடமெல்லாம் கூடவே கொண்டு போனது.

பெஷாவர் கிளப்பின் கோர்ட்டுகளுக்குக் கூரை இல்லை. அதிகாரிகள் ஓங்கி அடித்தால் பந்து சுவரைத் தாண்டி வெளியே விழும். ஓடிப்போய் அதை எடுத்துப் போடச் சிறுவர்கள் தேவைப்பட்டார்கள். எட்டு வயதில் தந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு ஹாஷிம் முதன்முதலில் அந்தக் கோர்ட்டைப் பார்த்தார். பதினொரு வயதில் தந்தையை ஒரு கார் விபத்தில் இழந்தார். பள்ளிக்கூடம் அத்தோடு நின்றது. பந்து எடுத்துப் போடுவதும் கோர்ட்டைப் பெருக்குவதும் அவருடைய வேலையாயின.

வேலைக்காரப் பையன்கள் அதிகாரிகளோடு ஆட முடியாது. ஆனால் நடுப்பகல் வெயிலில் அதிகாரிகள் யாரும் கோர்ட்டுப் பக்கம் வரமாட்டார்கள். அந்த நேரம் ஹாஷிமுக்குச் சொந்தமானது. அதிகாரிகள் வீசியெறிந்த விரிசல் விட்ட பந்து கையில், கால் வெறுங்கால், தரை கொதிக்கும். எதிரே ஆட ஆள் இல்லாத நாட்களில் தானே இருவராக இருந்து ஆடினார். நிலா வெளிச்சத்திலும் ஆடினார்.

சொல்லிக்கொடுக்க ஆசிரியர் யாரும் இல்லை. மதிலுக்கு வெளியே நின்று பார்த்துப் பார்த்தே கற்றார். எந்த அடி எங்கே போய் விழும் என்பதைப் பந்து எடுத்துப் போடும் பையனை விட நன்றாக யார் அறிவார்கள்? ஐந்தடி நான்கு அங்குலமே உயரம். அந்தக் குள்ளமான உடம்பை எட்டாத பந்தையும் எட்டிப் பிடிக்கப் பழக்கியது அந்தக் கோர்ட்தான். பின்னாளில் உலகமே வியந்த அவருடைய வேகம் அங்கே பிறந்தது.

பம்பாயில் ஒரு பெயர்

1942இல் பெஷாவரில் பிரிட்டிஷ் விமானப்படை அதிகாரிகளுக்கு ஸ்குவாஷ் கற்றுக்கொடுக்கும் பயிற்சியாளராக ஹாஷிம் நியமிக்கப்பட்டார். கோர்ட்டைப் பெருக்கியவர், கோர்ட்டுக்குள் நின்று பாடம் சொல்லும் நிலைக்கு வந்தார். அதற்குள் முப்பது வயதை நெருங்கிவிட்டார்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1944இல், பம்பாயில் அகில இந்திய அளவிலான தொழில்முறைப் போட்டி முதல் முறையாக நடந்தது. அன்று பெஷாவருக்கும் பம்பாய்க்கும் இடையே ஃபிரான்டியர் மெயில் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டும் ஒரே நாட்டின் ஊர்கள். அந்தப் போட்டியில் ஹாஷிம் வென்றார். அவரிடம் தோற்றவர் அப்துல் பாரி. பம்பாயில் புகழ்பெற்ற ஆட்டக்காரர். ஹாஷிமுக்குத் தூரத்து உறவினரும்கூட. அடுத்த இரண்டு ஆண்டுகளும் ஹாஷிம் அந்தப் பட்டத்தை விட்டுக்கொடுக்கவில்லை.

பிறகு 1947 வந்தது. பெஷாவர் பாகிஸ்தானில் சேர்ந்தது. அப்துல் பாரி பம்பாயை விட்டுப் போகாமல் இந்தியாவிலேயே தங்கிவிட்டார். மணியாச்சியில் தண்டவாளம் பிரிவதுபோல ஒரு குடும்பத்துக் கிளைகள் இரண்டு நாடுகளுக்குப் பிரிந்தன. ஒருவர் இந்திய ஆட்டக்காரர், மற்றவர் பாகிஸ்தான் ஆட்டக்காரர். ஹாஷிம் பெஷாவரில் பாகிஸ்தான் விமானப்படையின் பயிற்சியாளராகத் தொடர்ந்தார். 1949இல் பாகிஸ்தானின் முதல் தேசியப் பட்டத்தை வென்றார்.

அத்தோடு அவருடைய ஆட்ட வாழ்வு முடிந்திருக்கலாம். வயது முப்பத்தைந்தைத் தொட்டுவிட்டது. குடும்பமும் பிள்ளைகளும் இருந்தார்கள். பெஷாவரைத் தாண்டி அவரை அறிந்தவர்கள் மிகச் சிலர்.

லண்டன், 1951

அந்தக் காலத்தில் உலகச் சாம்பியன் போட்டி என்று தனியாக எதுவும் இல்லை. அது தொடங்கியது 1976இல்தான். அதுவரை லண்டனில் நடக்கும் பிரிட்டிஷ் ஓப்பனில் வெல்பவரையே உலகின் முதல் ஆட்டக்காரர் என்று ஏற்றுக்கொண்டார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு எகிப்தைச் சேர்ந்த மஹ்மூத் கரீம் அந்தப் பட்டத்தைத் தொடர்ந்து நான்கு முறை வென்றிருந்தார். நளினமான ஆட்டத்துக்குப் பேர் போனவர்.

1950இல் இந்தியாவிலிருந்து அப்துல் பாரி லண்டன் சென்றார். இறுதி ஆட்டம்வரை முன்னேறி, கரீமிடம் தோற்றார். இந்தச் செய்தி பெஷாவருக்கு வந்தபோது ஹாஷிமுக்கு ஒன்று உறைத்தது. பம்பாயில் தன்னிடம் தோற்றவர் உலகின் இரண்டாம் இடத்துக்கு வர முடியுமென்றால், தன்னால் எதுவரை போக முடியும்?

போவதற்குப் பணம் வேண்டும். ஒரு கிளப் பயிற்சியாளரின் சம்பளத்தில் லண்டன் பயணத்தை நினைத்தும் பார்க்க முடியாது. உதவி கேட்டார், முதலில் கிடைக்கவில்லை. பிறகு பாகிஸ்தான் விமானப்படை முன்வந்தது. அவருக்கு வயது முப்பத்தேழு இருக்கும். பெரும்பாலான ஆட்டக்காரர்கள் மட்டையைக் கீழே வைத்துவிடும் வயதில் அவர் முதன்முதலாக லண்டன் புறப்பட்டார்.

1951 பிரிட்டிஷ் ஓப்பன் இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றவர் அதே மஹ்மூத் கரீம். ஹாஷிம் 9-5, 9-0, 9-0 என்று வென்றார்.

இந்த எண்களைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அன்றைய விதிப்படி சர்வீஸ் போடுபவருக்கு மட்டுமே புள்ளி கிடைக்கும். எதிராளியின் சர்வீஸில் நீங்கள் வென்றால் புள்ளி வராது. சர்வீஸ் மட்டும் உங்கள் கைக்கு வரும். நான்கு முறை பட்டம் வென்ற ஒருவர், கடைசி இரண்டு ஆட்டங்களில் தன் சர்வீஸில் ஒரு புள்ளிகூட எடுக்க முடியாமல் போனார். கரீம் எங்கே அடித்தாலும் அந்தக் குள்ளமான மனிதர் அங்கே நின்றார். முடிந்துவிட்டது என்று பார்வையாளர்கள் நினைத்த பந்துகள் சுவருக்குத் திரும்பி வந்தன.

கொதிக்கும் தரையில் வெறுங்காலோடு ஓடிய கால்கள் அவை. பந்து எடுத்துப் போட்டவனுக்குப் பந்து எங்கே விழும் என்று தெரியாதா?

தனக்குப் போட்டியாளரைத் தானே வளர்த்தவர்

ஹாஷிம் அடுத்த ஆண்டும் கரீமையே வென்றார். 1953இலும் பட்டம் அவருக்கே. இந்த வரலாற்றில் நம் குடும்பங்கள் கவனிக்க வேண்டிய இடம் இதற்குப் பிறகுதான் வருகிறது.

உலகின் முதல் இடத்தில் இருக்கும் ஒருவர், தன் வித்தையைப் பொத்திவைத்துக்கொள்ளத்தான் நினைப்பார். ஹாஷிம் செய்தது வேறு. ஊரில் அவருடைய தம்பி ஆஸம் கான் டென்னிஸ் ஆடிக்கொண்டிருந்தார். அண்ணன் அவரை ஸ்குவாஷுக்குத் திருப்பிப் பயிற்சி கொடுத்து, லண்டனுக்கும் அழைத்துப் போனார். ஆஸம் அண்ணனைவிடப் பல ஆண்டுகள் இளையவர்.

பலன் 1954இலேயே தெரிந்தது. பிரிட்டிஷ் ஓப்பன் இறுதி ஆட்டத்தில் அண்ணனும் தம்பியும் எதிரெதிரே நின்றார்கள். ஐந்து ஆட்டங்கள்வரை இழுத்துப் பிடித்து ஹாஷிம் வென்றார். 1955இலும் அதே இருவர், அதே ஐந்து ஆட்டங்கள். கடைசி ஆட்டம் 9-7. இரண்டு புள்ளிகள் மாறியிருந்தால் பட்டம் தம்பிக்குப் போயிருக்கும். தன்னை வீழ்த்தக்கூடிய ஒருவரை அவரே உருவாக்கியிருந்தார்.

1956இல் உறவினர் ரோஷன் கானை வென்று ஆறாவது முறை பட்டம் எடுத்தார். 1957இல் அதே ரோஷன் கானிடம் தோற்றார். நாற்பதைத் தாண்டிய மனிதரின் காலம் முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள். 1958இல் மீண்டும் வந்தார். இறுதி ஆட்டத்தில் தம்பி ஆஸமை வென்று ஏழாவது பட்டத்தை எடுத்தார். வயது நாற்பத்துநான்கு, அல்லது அதற்கும் மேல்.

அடுத்த ஆண்டிலிருந்து தம்பியின் காலம். ஆஸம் தொடர்ந்து நான்கு முறை பிரிட்டிஷ் ஓப்பனை வென்றார். அவருக்குப் பின் அவர்களுடைய மருமகன் முறையுள்ள முஹிபுல்லாஹ் கான் வென்றார். 1951 முதல் பதின்மூன்று போட்டிகளில் அந்தக் கோப்பை இந்த ஒரு சொந்தத்தை விட்டு வெளியே போகவில்லை. ரோஷன் கானின் மகன்தான் பிற்காலத்தில் பிரிட்டிஷ் ஓப்பனைத் தொடர்ந்து பத்து முறை வென்ற ஜஹாங்கீர் கான்.

இவர்கள் எல்லோரும் ஒரே கிராமத்து வேரில் கிளைத்தவர்கள். அந்தக் கிராமத்தில் யாரும் வசதியாகப் பிறக்கவில்லை. முதலில் ஒருவர் உள்ளே போய்க் கதவைத் திறந்து வைத்தார். மற்றவர்கள் அந்த வழியே வந்தார்கள்.

மகனுக்குப் பள்ளிக்கூடம்

ஹாஷிமின் கதையைச் சொல்லும்போது சிலர் ஒரு தவறு செய்வதுண்டு. படிப்பை விட்டால்தான் பெரிய ஆளாகலாம் என்பதுபோலச் சொல்லிவிடுவார்கள். ஹாஷிம் அப்படி நினைக்கவில்லை என்பதற்கு அவர் தன் பிள்ளைகளுக்குச் செய்ததே சாட்சி. அவருக்குப் பன்னிரண்டு பிள்ளைகள். மூத்தவர்களில் ஒருவரான ஷரீஃப் கானுக்கு இங்கிலாந்தின் மில்ஃபீல்டு பள்ளியில் உதவித்தொகையோடு இடம் கிடைத்தபோது, தந்தை மகனை அங்கே அனுப்பிவைத்தார். பதினொரு வயதில் பள்ளியை இழந்தவர், தன் மகனைக் கடல் கடந்தும் பள்ளிக்கு அனுப்பினார்.

1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் ஒரு கிளப் அவரைப் பயிற்சியாளராக அழைத்தது. குடும்பத்தோடு அங்கே குடியேறினார். அமெரிக்க ஸ்குவாஷ் அப்போது வேறு மாதிரி: பந்து கடினமானது, கோர்ட் குறுகலானது. 1954இல் முதல் அமெரிக்க ஓப்பன் நடந்தபோது, பழக்கமில்லாத அந்தப் பந்தோடு ஆடி, இறுதி ஆட்டத்தில் ஹென்றி சலோனிடம் ஹாஷிம் தோற்றிருந்தார். உலகச் சாம்பியன் என்ற கௌரவம் பார்க்காமல் அந்த ஆட்டத்தைப் புதிதாகக் கற்றார். பிறகு அதே அமெரிக்க ஓப்பனை மூன்று முறை வென்றார். கனடா ஓப்பனையும் மூன்று முறை வென்றார்.

மகன் ஷரீஃப் வட அமெரிக்க ஓப்பனைப் பன்னிரண்டு முறை வென்றார். மற்ற மகன்களில் பலரும் ஸ்குவாஷ் ஆட்டக்காரர்களானார்கள்.

1970களில் ஹாஷிம் கொலராடோ மாநிலத்தின் டென்வர் நகருக்கு மாறினார். அங்குள்ள கிளப்பில் வக்கீல்களும் டாக்டர்களும் வியாபாரிகளும் அவரிடம் ஆட்டம் கற்க வந்தார்கள். பெஷாவரில் பணக்காரர்கள் ஆட, அவர் பந்து எடுத்துப் போட்டார். டென்வரில் பணக்காரர்கள் அவரிடம் பாடம் கேட்டார்கள். தொண்ணூறு வயதைத் தாண்டியும் அவர் மட்டையைக் கையிலிருந்து வைக்கவில்லை.

2014 ஆகஸ்ட் 18 அன்று கொலராடோவில் ஹாஷிம் கான் வஃபாத்தானார். நூறு வயது ஆகியிருக்கும் என்றார்கள். பெஷாவரில் அவர் பெயரில் ஒரு ஸ்குவாஷ் வளாகம் இருக்கிறது.

அதே ஆகஸ்ட் மாதத் தொடக்கத்தில்தான் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் சென்னையின் ஜோஷ்னா சின்னப்பாவும் தீபிகா பல்லிக்கலும் பெண்கள் இரட்டையர் ஸ்குவாஷில் தங்கம் வென்றார்கள். காமன்வெல்த் ஸ்குவாஷில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் பதக்கம் அது. இன்று இந்த விளையாட்டின் இந்தியத் தலைநகரம் என்று சென்னையைச் சொல்லலாம். 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் ஸ்குவாஷ் முதன்முறையாக இடம்பெறுகிறது. ஆனால் நம் சிற்றூர்களில் ஸ்குவாஷ் கோர்ட் இல்லை. கரிசல் பிள்ளைக்கு இன்றும் அது எட்டாத ஆட்டம்தான்.

மதிலுக்கு வெளியே நிற்பவன்

ஹாஷிம் கானின் வாழ்க்கையிலிருந்து உழைப்பே உயர்வு தரும் என்ற பாடத்தை எடுத்துக்கொள்வது எளிது. அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. நடுப்பகலில் அந்தக் கோர்ட் பூட்டிக் கிடந்திருந்தால் அவர் என்ன ஆகியிருப்பார்? 1951இல் பயணச் செலவுக்கு யாரும் முன்வராமல் போயிருந்தால்? பெஷாவரில் அதிகாரிகளுக்குப் பாடம் சொல்லியே ஓய்வு பெற்றிருப்பார். உலகம் அவர் பெயரைக் கேட்டிருக்காது. அந்த உதவிகூட அவருக்கு முப்பத்தேழு வயதில்தான் கிடைத்தது. பத்து ஆண்டுகள் முன்பே கிடைத்திருந்தால் ஏழு பட்டங்கள் எத்தனையாக ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

தனக்குத் தாமதமாகக் கிடைத்ததைத் தன் தம்பிக்கும் பிள்ளைகளுக்கும் அவர் தாமதிக்காமல் கொடுத்தார். அவருடைய ஏழு கோப்பைகளுக்கும் மேலாக நிற்பது அதுதான்.

நம் ஊர்களில் ஜமாஅத்துகள் இருக்கின்றன, பைத்துல்மால் இருக்கிறது, வெளிநாட்டில் சம்பாதிக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அத்தாவை இழந்த வீட்டுக்கு ஒரு மாதம் அரிசியும் பருப்பும் கொடுப்பதில் நாம் குறை வைப்பதில்லை. அந்த வீட்டுப் பையன் அடுத்த ஜூன் மாதம் பள்ளிக்கூடம் போகிறானா என்று போய்ப் பார்ப்பவர்கள் எத்தனை பேர்? மாலையில் அவனுக்கு ஒரு மணி நேரம் விளையாடக் கிடைக்கிறதா? ஓடுகிற காலுக்கு ஒரு ஜோடி ஷூ இருக்கிறதா? அந்த வீட்டுப் பெண் பிள்ளைக்கும் இதே கேள்விகள்தான்.

கோவில்பட்டி மைதானத்தில் ஆட்டம் நடக்கும் ஒரு மாலையில் போய்ப் பாருங்கள். உள்ளே ஆடுகிற பிள்ளைகளைப் பார்க்கப் பலர் இருப்பார்கள். கம்பிவேலிக்கு வெளியே ஒரு சிறுவன் நின்று பார்த்துக்கொண்டிருக்கலாம். வேலி தாண்டி வந்து விழும் பந்தை எடுத்து உள்ளே வீசுவான். அவன் யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரித்துவிட்டு வாருங்கள்.